அம்மாவின் கம்பளமும் கறுப்புத் தண்ணீரும்

யீஷூன், சிங்கப்பூர்,
மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பெர்த்தில் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட், அதில் முன்பு குடியிருந்தவர்களின் நாய் வாடை, படுக்கையறை வாசலில் யாரோ கொட்டிய கோப்பிக் கறை, காலையில் எழுந்ததும் அண்ணன் தும்மத் தொடங்கிவிடுகிறார் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நீ அதை எழுதிய அதே வாரம் நானும் இங்கே ஒரு கம்பளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேலையை முடித்துவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதலாம் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன்.

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை, மின்தூக்கி வரை நடந்துவிட்டு வருகிறார். பேரன் இந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்று. தமிழ் எழுத்துகளில் 'ழ' அவனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, பக்கம் முழுக்க அதையே எழுதி வைக்கிறான். சரி, கம்பளத்துக்கு வருகிறேன்.

உனக்கு அது நன்றாகத் தெரியும். அப்பா 1984இல் போனஸ் வாங்கிய கையோடு அரபு ஸ்திரீட்டில் வாங்கி வந்த கம்பளம். நீலத் தரை, ஓரத்தில் வெளிர் மஞ்சள் பட்டை, ஆறடிக்கு நான்கடி. ஓ லெவல் தேர்வுக்கு நாம் இரண்டு பேரும் அதில்தான் குப்புறப் படுத்துப் படித்தோம். அம்மாவின் கடைசி இரண்டு வருடம் அவள் கட்டில் கூடத்தில் கிடந்தது, கட்டிலுக்குக் கீழே இந்தக் கம்பளம். ரசம், மருந்து, மஞ்சள் போட்ட பால், சில நாள் சிறுநீர், எல்லாம் அதன்மேல் விழுந்தது. அப்போது துடைக்க நேரமிருக்காது. அம்மாவைப் பார்ப்பதா, கம்பளத்தைப் பார்ப்பதா? அவள் போன பிறகு பிளாஸ்டிக்கில் சுருட்டி ஸ்டோர் ரூமில் வைத்தேன். ஏப்ரலில் முதல் திவசம் வருகிறது. அன்றைக்கு அவள் படத்துக்கு முன்னால் அதை விரிக்க வேண்டும் என்று மனத்தில் இருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் பிரித்தேன். வாடை கூடத்தையே நிறைத்துவிட்டது.

சுத்தம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டேன். 180 வெள்ளி, கறை போகும் என்று உறுதி தர முடியாது, பழைய சிறுநீர் என்றால் எடுக்கவே யோசிப்போம் என்றார்கள். மகன், "அம்மா, வீசிடலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவனுக்கு அது பழைய கம்பளம். எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சலவைத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஓரத்துப் பட்டையில் தேய்த்தேன். அதை இங்கே எழுதுவதற்குக் காரணம், நீ அதைச் செய்துவிடக் கூடாது. பால் கொட்டிய மஞ்சள் கறை என் கண்முன்னாலேயே சிவந்தது, சாந்தி. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்குமே, அதே சிவப்பு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறகுதான் நிதானமாக யோசித்தேன். ஆரத்தியில் நடப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் சிவக்கும், சலவைத் தூளும் அப்படி ஒரு காரம். அப்படியானால் புளிப்புப் பட்டால் திரும்ப வேண்டும். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒற்றினேன். சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. கறை போகவில்லைதான், ஆனால் மூச்சு வந்தது.

அப்புறம்தான் கார்ப்பெட் கழுவும் மெஷின் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன் வாங்கி வருகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே செருகினால் புகைந்துவிடும். இங்கேயே ஒருவர் வீடு மாறும்போது விற்ற பழைய மெஷின் 90 வெள்ளிக்குக் கிடைத்தது. சூட்கேஸ் அளவுதான். ஒரு தொட்டியில் நல்ல தண்ணீரும் அதற்கான சோப்புக் கரைசலும். குழாயின் முனையில் பிரஷ் வைத்த வாய். விசையை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும், கூடவே அதை உறிஞ்சி இன்னொரு தொட்டிக்குக் கொண்டுபோகும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கார்ப்பெட்டைச் சுத்தம் செய்வது உள்ளே போகும் தண்ணீர் அல்ல, வெளியே வரும் தண்ணீர். முதல் நாள் நான் நிறையப் பீய்ச்சினேன், அவசரமாக இழுத்தேன். முடிந்ததும் அளந்து பார்த்தேன். ஒரு லிட்டர் ஊற்றியிருக்கிறேன், அழுக்குத் தொட்டியில் அரை லிட்டர்தான் திரும்பியிருந்தது. மிச்ச அரை லிட்டர், கரைந்த அழுக்கோடு, கம்பளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை பார்த்தால், போய்விட்டது என்று நான் நினைத்த கறைகள் அதே இடத்தில் திரும்ப வந்து நின்றன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருமே, அதுபோல ஒவ்வொரு இழையும் அடியில் இருந்த அழுக்கை நுனிக்கு ஏற்றிவிட்டது. தண்ணீர் காற்றில் போய்விட்டது, அழுக்கு நுனியில் தங்கிவிட்டது.

இரண்டாவது முறை முதலிலிருந்து தொடங்கினேன். கம்பளத்தைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். உதிர்ந்த மண்ணைக் கூட்டி அள்ளினால் ஒரு கைப்பிடி! பிறகு இரண்டு பக்கமும் வேக்கம் போட்டேன். காய்ந்த மண்ணைக் காய்ந்தபடியே எடுத்துவிட வேண்டும், தண்ணீர் பட்டால் அது சேறு. இந்த வேலையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். அடுத்து, ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பிடித்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தேன். ஒட்டவில்லை.

பிறகு கரைசலை லேசாகத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டேன். அந்தப் பத்து நிமிடம் அழுக்கு இளகுவதற்கு. மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் வருடினேன். இது உண்மையான கம்பளி, வட்டமாகத் தேய்த்தால் இழை சிக்கிக்கொள்ளும். வெதுவெதுப்புக்கு மேல் சூடு ஆகாது, பிளீச் பக்கமே போகக் கூடாது. அதன்பின் மெஷின். விசையை அழுத்தி ஒரு இழுப்பு, விசையை விட்டுவிட்டு அதே கோட்டில் வெறும் உறிஞ்சலாக மூன்று இழுப்பு. மெதுவாக, ரொம்ப மெதுவாக. அந்த வாய்ப்பகுதி கண்ணாடி மாதிரித் தெரியும். முதல் இழுப்பில் அதற்குள்ளே கறுப்பாய் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டாவதில் தே-ஓ நிறம், பால் சேர்க்காத தேநீர் மாதிரி. மூன்றாவதில் அங்கங்கே துளிகள். துளிகூட ஏறாமல் நிற்கும்வரை அடுத்த கோட்டுக்குப் போகவில்லை. கடைசியில் சோப்பு இல்லாத தண்ணீரில், கொஞ்சம் வினிகர் சேர்த்து, இதையே திரும்பவும் செய்தேன். சோப்பு தங்கிவிட்டால் பிசுபிசுப்பாகி, அடுத்த மாதமே புது அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். இந்த முறை ஒரு லிட்டருக்கு முக்கால் லிட்டருக்கு மேல் திரும்பி வந்தது.

அந்தத் தண்ணீரை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் இரண்டு வருடம் அதில் இருந்தது. தாழ்வாரத்துக் கால்வாயில் ஊற்றவில்லை, இங்கே மழைக் கால்வாய்த் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கழிவறையில்தான் ஊற்றினேன். நாலாவது தொட்டியை ஊற்றும்போது கொஞ்சம் அழுதேன், பிறகு போய் அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் பிடித்தேன்.

திரும்ப வரும் கறைக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஈரம் இருக்கும்போதே அந்த இடத்தில் வெள்ளைத் துண்டை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் அம்மாவின் இட்லிச் சட்டி. காலையில் துண்டை எடுத்தால் அதில் பழுப்பாக ஒரு வளையம். இழை ஏற்றிய அழுக்கெல்லாம் துண்டுக்குப் போய்விட்டது.

காயவைப்பதுதான் இந்த ஊரில் பெரும் பாடு. காற்றில் ஈரம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாளுக்குமேல் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்துவிடும். நல்லவேளை, பிப்ரவரியில் மழை குறைவு. இரண்டு நாற்காலியின் முதுகில் போட்டு, கீழே காற்று போகும்படி செய்து, இரண்டு விசிறி, குளிர்சாதனத்தில் ஈரம் எடுக்கும் முறை. மேலே காய்ந்தது போலத்தான் இருக்கும். முதுகுப்பக்கம் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை நாள் ஆயிற்று. அப்புறம் மஞ்சள் கறை. அதற்கு வெயில்தான் மருந்து. மற்ற இடத்தின் நீலம் வெளுத்துவிடக் கூடாதே என்று பழைய போர்வையால் மூடிவிட்டு, கறையை மட்டும் காலை வெயிலுக்குக் காட்டினேன். ஐந்தாறு நாளில் நன்றாக மங்கிவிட்டது.

சிறுநீர் விழுந்த ஒரு இடத்தில் மட்டும் நீலம் வெளிறித்தான் இருக்கிறது. அது கறை இல்லை, சாயமே போய்விட்டது. எந்த மெஷினாலும் அதைத் திருப்பித் தர முடியாது. வாடை சுத்தமாக இல்லை, அது போதும். படம் வைக்கும் மேசையின் கால் அந்த இடத்தில் வரும்படி விரிக்கப் போகிறேன்.

இப்போது உன் கார்ப்பெட். நீ மெஷின் வாங்க வேண்டாம், அங்கே சூப்பர்மார்க்கெட்டுகளிலும் ஹார்ட்வேர் கடைகளிலும் வாடகைக்குக் கிடைக்கும். தொடுவதற்கு முன் வீட்டு ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுவிடு, கறைகளைப் படமும் எடுத்து வை. உனக்கு இருக்கும் சிக்கல் எனக்கு இல்லாத ஒன்று. சுவருக்குச் சுவர் கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சு விரிப்பு இருக்கும், அதை எடுத்து வெயிலில் போட முடியாது. அதனால் தண்ணீரில் இன்னும் கஞ்சத்தனம் வேண்டும். தூர மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வா. காலையிலேயே முடித்துவிடு. மதியத்துக்குமேல் கடல்காற்று வரும், அதை அங்கே ஃப்ரீமாண்டில் டாக்டர் என்கிறார்கள் என்று நீதானே எழுதினாய். சன்னல்களைத் திறந்துவிட்டால் அந்த டாக்டரே காயவைத்துவிடுவார். உங்கள் ஊர்க் காற்றை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கோப்பிக் கறைக்கு வினிகர்த் தண்ணீர் கேட்கும். வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து பொங்கவிடச் சொல்வார்கள், அதில் பயனில்லை, ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். வினிகரோடு பிளீச்சைச் சேர்த்துவிடாதே, நச்சு வாயு வரும். அண்ணன் ஏற்கெனவே தும்மிக்கொண்டிருக்கிறார். நாய் வாடைக்கு என்சைம் கலந்த திரவம் நல்லது, ஆனால் கார்ப்பெட் கம்பளியாக இருந்தால் போடக் கூடாது. கம்பளியும் புரதம்தான், புரதத்தைச் சிதைக்கும் அந்த என்சைம் அதையும் அரிக்கும். வாடை அடியில் இருக்கும் பஞ்சு வரை போயிருந்தால் மேலே எவ்வளவு கழுவினாலும் மழை நாளில் திரும்ப வரும். அப்போது ஏஜெண்டிடம்தான் பேச வேண்டும், நீ இடுப்பை ஒடித்துக்கொள்ளாதே.

ஆகவே முதலில் அது என்ன இழை என்று தெரிய வேண்டும். அலமாரிக்கு உள்ளே, யார் கண்ணும் படாத ஓரத்தில் ஒரே ஒரு இழையைக் கத்தரித்து எடு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்து. உருகிக் கட்டியாக உருண்டால் நைலான் மாதிரிச் செயற்கை இழை. முடி பொசுங்கும் வாடை வந்து, விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி. என்ன வந்தது என்று எழுது. திவசம் ஏப்ரல் 19. அதற்குள் உன் பதில் வந்தால் அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பேன்.

அன்புடன்,
கமலா