தம்பிக்கு, அப்பா எழுதுவது

சேசு மரி சூசை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அக்கா போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனாள். கிணற்றடி முருங்கை காற்றில் ஒடிந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து வீடுகளின் செபக் குழுக்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்குத் துக்க வீட்டுப் பணி பற்றி வகுப்பு எடுக்கிறேன், உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள் என்று செய்தி போட்டிருந்தாய். பேசிக் கேட்டிருக்கலாம். பரவாயில்லை. பங்குச் சாமியாருக்கு உதவியாக உபதேசியார் வேலை பார்த்ததில் எத்தனை அடக்கம் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கு இல்லை. கிளைக் கிராமங்களில் சாமியார் வந்து சேர முடியாத நாளில் நானே செபம் சொல்லி அடக்கம் செய்திருக்கிறேன். என் மகன் என்னிடம் இதைக் கேட்கிறான் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

துக்க வீட்டுக்குள் போனதும் முதலில் உட்காரச் சொல். புத்தகத்தைத் திறக்கக் கூடாது. இறந்தவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்கச் சொல். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று வாசலில் நின்றே சொல்லிவிடுகிறார்கள், அது வேண்டாம். லாசர் கல்லறைக்கு முன்னால் ஆண்டவரே முதலில் கண்ணீர் விட்டார், அப்புறம்தான் கல்லை எடுக்கச் சொன்னார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சாவுப் பூசை என்றால் கறுப்பு உடுப்பு, புரியாத லத்தீன். பயத்தில் ஆத்தா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வேன். கிறிஸ்தவனின் சாவு பாஸ்காவோடு, அதாவது ஆண்டவர் இறந்து உயிர்த்ததோடு, சேர்ந்தது, அடக்கச் சடங்கில் அது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்னது. அதன்படி 1969இல் புதுச் சடங்குமுறை வந்தது. வீடு, கோயில், கல்லறை என்று மூன்று இடத்துக்கும் செபம் இருக்கிறது. வீட்டில் சொல்கிற செபத்தைத்தான் எல்லோரும் அவசரமாக முடிக்கிறார்கள். பெட்டி மேல் தீர்த்தம் தெளிக்கும்போது இது ஞானஸ்நானத் தண்ணீரின் நினைவு என்று ஒரு வரி சொல்ல வேண்டும். பாஸ்கா திரி எதற்கு, தூபம் எதற்கு என்றும் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீளமான பிரசங்கத்தைக் கேட்க மாட்டாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வாள்.

ஏழாம் நாள் பூசைக்குக் கூட்டம் வரும். முப்பதாம் நாளுக்குப் பாதிப் பேர். ஐம்பதாம் நாள் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அன்றைக்குப் போகச் சொல். போய் உட்காரச் சொல்.

அம்மாவுக்கு இன்று 58 நாள். பால் கணக்கு எழுதும்போது காலண்டரில் கண்ணில் படுகிறது.

அம்மா அடக்கத்தில் நீ குருப்பட்டத்துக்கு முந்தின பட்டம் வாங்கிய திருத்தொண்டராக நின்று கல்லறைச் செபம் சொன்னதை ஊரே பேசுகிறது. ஒரு எழுத்து தடுமாறவில்லை. "நித்திய இளைப்பாற்றியை" என்று நீ ஆரம்பித்தபோது என் சேக்காளிகள் எல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முதல் பிடி மண்ணைப் போட்டதும் நீ கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாய். நகக்கண் வரைக்கும் துடைத்தாய். அப்புறம் ஏழாம் நாள் கிளம்பிப் போனாய். அதிலிருந்து போன் என்றால் "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா", இரண்டு நிமிஷம். அம்மா என்ற சொல்லை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டில் உட்காரச் சொல்லிக் கொடுக்கப் போகிறாய். இந்த வீட்டில் வந்து உட்கார உனக்கு நேரம் இல்லையா?

கோபித்துக்கொள்ளாதே. இப்படிக் கை துடைக்க உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

உனக்கும் அக்காவுக்கும் மூத்தது 1986இல் பிறக்கும்போதே இறந்து பிறந்தது. அது உனக்குத் தெரியும். எப்படி அடக்கம் செய்தேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் பழைய நூல் சேலையில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கல்லறைச் சுவருக்கு வெளியே உடைமரத்தடியில் புதைத்தேன். செபம் சொல்லவில்லை. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குச் செபம் இல்லை என்று எனக்கு மூத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் வரேன் என்று அம்மா படுக்கையிலிருந்து எழுந்தாள். வேண்டாம், படு என்று அதட்டினேன். திரும்பி வந்து அடிகுழாயில் மூன்று தடவை கை கழுவினேன். அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை. மறுநாள் வேறொரு ஊரில் அடக்கம், அதற்குப் புத்தகத்தோடு போய்விட்டேன்.

நீ குருமடத்து முதல் வருஷ லீவில் கொண்டுவந்து வைத்த திருச்சபைச் சட்டப் புத்தகத்தை இந்த வாரம்தான் புரட்டினேன். 1183ஆம் எண். ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்கு முன்பே பிள்ளை இறந்துபோனால், ஆயர் அனுமதியோடு திருச்சபையே அடக்கச் சடங்கு செய்யலாம். அது 1983இல் வந்த சட்டம். 1969 சடங்குமுறையிலேயே அதற்கென்று செபம் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வேலையில் இருந்தவன் நான். ஒரு சாமியாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அம்மா ஏழு மெழுகுதிரி வாங்குவாள், நம் கல்லறைகள் ஆறு. ஏழாவது யாருக்கும்மா என்று நீ சின்னதில் கேட்டாய், நான் உன் முதுகில் ஒன்று வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா? அவள் முந்தானையில் திரியை மறைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போவதை வருஷா வருஷம் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றேன்.

பங்குச் சாமியிடம் பேசிவிட்டேன். ஆயர் இல்லத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நவம்பர் 2க்கு நீ லீவு கேட்டு வா. குழந்தைக்கான செபம் இருக்கிற புத்தகத்தை எடுத்து வா. நீ வாசிக்க வேண்டாம், நான் வாசிக்கிறேன். நீ அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு மகனாக என் பக்கத்தில் நில், போதும். முதல் நாளே வந்துவிடு. அம்மா கட்டில் சும்மாதான் கிடக்கிறது, அதில் படுத்துக்கொள்.

மெழுகுதிரி நான் வாங்கி வைக்கிறேன். இந்த வருஷம் எட்டு.

உன் அப்பா