ஸ்பிரிங் போதும், மோட்டார் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எக்ஸோஸ்கெலிட்டன் (உடம்புக்கு வெளியே மாட்டிக்கொண்டு நடக்கவும் தூக்கவும் உதவும் கருவி) என்றதும் நம் பொறியியல் மாணவர்கள் பேட்டரியும் மோட்டாரும் தேடிப் போகிறார்கள். கடைசியில் அதைத் தூக்கவே தனியாக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. மின்சாரமே வேண்டாத வழி இருக்கிறதே! 2015-இல் அமெரிக்காவில் ஸ்டீவன் காலின்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் கணுக்காலில் மாட்டும் ஒரு கருவியைப் பற்றி நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், அதைப் பிடித்துவிட ஒரு சின்ன கிளட்ச், அவ்வளவுதான். பாதம் தரையில் பதிந்ததும் கிளட்ச் பிடிக்கிறது, உடம்பு முன்னால் போகப்போக ஸ்பிரிங் இழுபட்டு, குதிகால் எழும்பும்போது அந்த விசையைத் திருப்பித் தந்துவிட்டு, காலை வீசும்போது தளர்ந்துவிடுகிறது. நடக்கச் செலவாகும் ஆற்றலில் சுமார் 7 சதவீதம் மிச்சம். ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தால் பலன் போய்விடும் என்பதையும் அளந்தே காட்டினார்கள்.

மூட்டை தூக்கவும் இதே கதைதான். தோளிலிருந்து தொடை வரை முதுகோடு ஓடும் எலாஸ்டிக் பட்டை குனியும்போது நீண்டு, நிமிரும்போது இடுப்புக்குக் கைகொடுக்கும். சரி, கோயம்பேட்டில் இது எடுபடுமா? மே மாத வியர்வையில் தொடைப் பட்டை உரசிப் புண்ணாக்கும், தோளில் மூட்டை சுமப்பவருக்கு அங்கே வார் ஓடினால் இடைஞ்சல். இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் உண்மையான ப்ராஜெக்ட். மதிப்பெண் போடும் நாளில் ஒரு லோடுமேனையும் கூப்பிட்டு, மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், சென்னை