கிரீஸ் கீரை நம்ம வரப்புலயே கெடக்குதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கிரீஸ் நாட்டுச் சாப்பாடு பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லா இருந்துது, ஆனா ஆலிவ் எண்ணெய், சீஸ், தக்காளி சாலட்டுனு அதோட முடிச்சுட்டீங்க, அதுதான் எனக்கு மனசு ஒப்பலைங்க. அந்தத் தக்காளியே அவங்களுக்குப் புதுசு, அமெரிக்காக் கண்டத்துல இருந்து வந்து 19-ஆம் நூற்றாண்டுலதான் அங்க பரவலாச்சு, நம்மளுக்கு மொளகா வந்த மாதிரி. அதுக்கு ரெண்டாயிரம் வருசம் முந்தியே அத்தி, மாதுளை, திராட்சை, வெங்காயம், பூண்டு, பருப்பு, அப்பறம் காட்டுக்கீரை, இதுதான் அவங்க சாப்பாடு.

ஹோர்ட்டானு சொல்றாங்க. மலையோரத்துல தானா மொளைக்கிற கீரையப் பறிச்சு வேகவெச்சு, தண்ணிய வடிச்சுட்டு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊத்திச் சாப்பிடறது. கோடையில வ்லீட்டானு ஒண்ணு, அது நம்ம குப்பக்கீரை, சிறுகீரை வகைதானுங்க. க்ளிஸ்ட்ரீதாங்கறது நம்ம கோழிக்கீரையேதான், பச்சையாவே சாலட்டுல போட்டுக்கறாங்க. எங்க அமுச்சி அதையே பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், வரமொளகா போட்டு மத்துல கடைஞ்சு கம்மஞ்சோத்துக்கு ஊத்துவாங்க, அந்த வாசம் இன்னும் மூக்குலயே இருக்குது. இப்ப அதே கீரைக்குத்தான் நாங்க மஞ்சக்காட்டுல களைமருந்து அடிக்கிறோம், சொல்லவே சங்கடமா இருக்குதுங்க.

1941-ல ஜெர்மன்காரன் கிரீஸைப் புடிச்சப்ப ஏதென்ஸ்ல பட்டினியில சனம் கொத்துக்கொத்தா செத்துது, பொழைச்சவங்க நெறையப் பேரு இந்தக் காட்டுக்கீரையப் பறிச்சுத் தின்னுதான் நாளைத் தள்ளுனாங்க. 1876-ல நம்ம பக்கம் வந்த தாது வருசப் பஞ்சத்தப் பத்தி அமுச்சி அவங்க பெரியவங்ககிட்டக் கேட்டுச் சொன்னதும் இப்படித்தான் இருக்கும், கீரையும் கெழங்கும்தான் காப்பாத்துச்சுனு.

தட்டப்பயறும் அங்க உண்டுங்க, கீரையோட வேகவெச்சு எண்ணெய் ஊத்திக்கறாங்க, நாம கத்திரிக்காயோட கொழம்பு வெக்கறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சாந்தொரினி தீவுல ஃபாவானு ஒரு மஞ்சப்பருப்பு, அதைக் கொழைய வேகவெச்சு மசிச்சு மேல பச்சை வெங்காயம் தூவறாங்க, பாத்தா நம்ம பருப்பு கடைசல்தான்.

உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. வாரம் ஒரு கீரைனு நம்ம கொங்குக் காட்டுக்கீரைகளப் போடுங்க. தொய்யக்கீரை எது, பண்ணக்கீரை எதுனு எம்மவளுக்கே தெரியலை, எங்க ஊர்ல பாத்த ஒடனே பேரு சொல்றதுக்கு இன்னும் ரெண்டு மூணு பெரியம்மாங்கதான் இருக்காங்க. போட்டோ போடறப்ப எலையக் கிட்டத்துல எடுத்துப் போடுங்க, ஊருக்கு ஊரு பேரு மாறுதுங்க, எலையப் பாத்தாத்தான் புரியும்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி