மூன்று வயசுள்ள ஒரு துப்பாக்கி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பாப்பாவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் நல்ல சேதி. இங்கே மஸ்கட்டில் வெயில் தொடங்கிவிட்டது. மற்றபடி நாங்கள் சுகம்.

இந்தத் தடவை உன்னிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் முதலாளியின் பூர்வீக வீடு நிஸ்வா பக்கம். அங்கே மஜ்லிஸ், அதாவது விருந்தினர் கூடத்துச் சுவரில் ஒரு பழைய திரித் துப்பாக்கி தொங்குகிறது. இங்கே அதை அபூ ஃபதீலா என்பார்கள். பழைய பொருள் என்றால் எனக்கு உயிர் என்று தெரிந்து, "இது எந்த ஊர்ச் சரக்கு, என்ன வயசு, பார்த்துச் சொல்" என்று பெரியவர் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

முதலில், உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்தேன். கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்குள் முழுக்க விட்டு, வாயோரம் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனி பற்றுவாய் (மருந்துக்குத் தீ போகும் சின்னத் துளை) வரை வந்தால் காலி. நாலு விரற்கடை முன்னாலேயே நின்றால் மருந்தும் குண்டும் உள்ளே கிடக்கிறது என்று அர்த்தம். கரிமருந்து நனையாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றிக்கொள்ளும். நல்லவேளை, காலிதான்.

அப்புறம் வயசு. இந்த மாதிரித் துப்பாக்கிக்கு ஒரே வயசு கிடையாது, செல்வம். நல்ல குழல் கிடைத்துவிட்டால் தலைமுறை தலைமுறையாக அதை விடமாட்டார்கள். குழலைத் தாங்கும் மரக்கட்டை உடைந்தால் கோடாலிக்குக் காம்பு மாற்றுவது போல வேறு கட்டை போட்டுக்கொள்வார்கள். அதனால் ஓமான் துப்பாக்கிகளில் பாரசீகத்திலோ துருக்கியிலோ அடித்த பழைய குழல் இருப்பது சகஜம்.

இதன் குழல் பின்பக்கம் எட்டுப் பட்டை, முன்னால் உருண்டை, வாயில் கொஞ்சம் தடிப்பு. துரு இல்லாத இடத்தில் சுருள் சுருளாக ரேகை ஓடுகிறது. இரும்புப் பட்டையை முறுக்கி, சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய வேலை. பற்றுவாய்க்குப் பக்கத்தில் தேய்ந்துபோன ஒரு முத்திரை, அதன் கீழே 1154 என்று ஹிஜ்ரி வருஷம். நம் கணக்கில் 1741. அரபு எழுத்தில் நாலு என்பது திருப்பிப் போட்ட 3 மாதிரி இருக்கும். பாரசீகத்தில் நேர்கோடும் அதன் தலையில் ஒரு வளைவும். இங்கே இருப்பது இரண்டாவது, அதனால் குழல் பாரசீக வேலை என்று நினைக்கிறேன். முத்திரையும் எண்ணும் ஒரே அளவில் தேய்ந்திருப்பதால், பிற்காலத்தில் யாரோ வெட்டிய எண்ணாகத் தெரியவில்லை. 1737-லிருந்து 1744 வரை பாரசீக மன்னர் நாதிர் ஷாவின் படை ஓமானுக்குள் வருவதும் போவதுமாக இருந்தது. குழல் அப்படி வந்ததா, வியாபாரத்தில் வந்ததா என்பதை இரும்பு சொல்லாது.

கட்டை வேறு கதை. ஒல்லியான கட்டை, வெள்ளிப் பட்டைகள். நம் நாட்டுத் திரித் துப்பாக்கியில் கட்டையின் இரண்டு பக்கமும் நீளமாக இரும்புத் தகடு இருக்கும். இதில் அது இல்லை. கட்டையின் பின்பக்கத்தில் ஆஸ்திரிய ராணி மரியா தெரேசாவின் வெள்ளி நாணயம் ஒன்று பதித்திருக்கிறது. அதில் 1780 என்று பார்த்துவிட்டு, துப்பாக்கியும் அந்த வருஷத்ததுதான் என்று பெரியவரின் மகன் சாதிக்கிறார். அந்த ராணி இறந்த வருஷம் அது. அதற்கப்புறம் எப்போது அச்சடித்தாலும் அதே 1780-ஐத்தான் போட்டார்கள். நாணயம் 1780-க்கு முன்னால் பதித்ததல்ல என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வெள்ளி வேலை 19-ஆம் நூற்றாண்டு என்பது என் கணிப்பு.

திரி என்றதும் நானூறு வருஷப் பழசு என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. ஐரோப்பா 1700 வாக்கில் திரியைக் கைவிட்டுச் சக்கிமுக்கிக் கல்லால் பொறி கிளப்பும் துப்பாக்கிக்குப் போனது உண்மை. அரபு நாட்டில் அப்படி இல்லை. விசையை இழுத்தால் குதிரை (திரியைப் பிடித்திருக்கும் கொக்கி) தலைகுனிந்து எரியும் திரியைப் பற்றுவாயில் வைக்கும், அவ்வளவுதான். சக்கிமுக்கிக்கு வேண்டிய கடினமான வில் இதற்குத் தேவையில்லை. பழுதானால் ஊர்க் கொல்லனே சரிசெய்துவிடுவான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் மஸ்கட்டில் வந்து குவிகிற வரை இதன் மவுசு குறையவில்லை.

வீட்டில் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தேய்த்தால் முத்திரையும் ரேகையும் சேர்ந்தே போய்விடும். மெல்லிசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

படங்கள் தனியாக அனுப்பியிருக்கிறேன். முப்பது வருஷம் பட்டறையில் இரும்போடு பழகியவன் நீ. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். குழலின் பின்முனையில் இருக்கும் ஒட்டு முதலில் அடித்தபோதே வந்ததா, பிறகு யாராவது வெட்டிச் சேர்த்ததா? பெரியவருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். உன் பதில் வந்த பிறகுதான் எழுதப் போகிறேன். தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராஜேந்திரன்