ஸ்டெப்னி எங்கே என்று சொல்லுங்கள், பிறகு கழற்றலாம்

டெக்சாஸில் பழைய ஹம்வி, அதாவது அமெரிக்க ராணுவத்தின் அகலமான ஜீப் போன்ற வண்டி, வைத்திருக்கும் நம் நண்பர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். வரும் சனிக்கிழமை 9 வண்டிகளையும் ஒரே கொட்டகையில் நிறுத்தி, 36 டயருக்குள்ளும் கிடக்கும் ரன்-ஃபிளாட் வளையங்களை (காற்று போனாலும் வண்டியைத் தாங்கி ஓடவைப்பவை) உருவிக் குப்பையில் போடுவதென்று முடிவாகியிருக்கிறது. பிரியாணிக்கும் சொல்லியாகிவிட்டதாம். முடிவெடுத்த அன்றைக்கு எனக்கு இரவு வேலை, பேச்சில் கலந்துகொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். நம் குழுவில் இல்லாமல் ஏலத்தில் வண்டி எடுத்துவிட்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

கழற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் காரணங்களில் பொய்யில்லை. பழைய மெக்னீசிய வளையமாவது பரவாயில்லை. பிறகு வந்த ரப்பர் வளையம் அம்மிக்கல்தான். ஹம்வியில் சக்கரத்துக்குச் சக்கரம் கியர் ஹப் (சக்கரத்தின் நடுவில் பல்சக்கரங்கள் அடங்கிய பெட்டி) வேறு தொங்குகிறது. அத்தனை கனமும் ஸ்பிரிங்குக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு குழிக்கும் குதிக்கிறது. டயருக்குள் வளையம் கொஞ்சம் நகர்ந்தால் போதும், ஸ்டீயரிங் கையில் நிற்காது. டயர் கடைக்குப் போனால் இரண்டு பாதியாகப் போல்ட்டில் இணைத்த ரிம்மைப் பார்த்ததுமே கையை விரித்துவிடுகிறார்கள். இதையெல்லாம் நானும் பட்டவன்தான்.

ஆனால் ராணுவம் அந்த வளையத்தை எதற்கு வைத்தது என்று ஒருமுறை யோசிப்போம். அது பஞ்சரைத் தடுக்காது. முள் குத்தினால் காற்று போகத்தான் போகும். போன பிறகும் வண்டி நிற்காமல், மணிக்கு 30 மைல் வேகத்தில் ஒரு 30 மைல் தூரம், அதாவது 48 கிலோமீட்டர் போல, ஓடித் தப்பிக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. தப்பிய பிறகு அந்த டயர் எதற்கும் ஆகாது. சுடுகிற இடத்தில் யாரும் இறங்கி ஜாக்கி போட்டுக்கொண்டிருக்க முடியாதல்லவா? இந்தத் தைரியத்தில்தான் சாதாரண ஹம்விக்கு ஸ்டெப்னியே கொடுக்கவில்லை. நம் 9 வண்டியில் எத்தனைக்கு ஸ்டெப்னி இருக்கிறது? எனக்குத் தெரிந்து இரண்டு. ஜாக்கி நாலு பேரிடம் இருக்கலாம். ரன்-ஃபிளாட்டை எடுக்கிறவர் அன்றைக்கே ஸ்டெப்னிக்கும் அதை மாட்ட ஒரு சட்டத்துக்கும் செலவு செய்யத் தயாரா என்பதை முதலில் சொல்லட்டும்.

அந்த வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை நம்மில் பலர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். டயரின் உள்விளிம்பில் கம்பி ஓடும் பகுதியை பீட் என்கிறோம். இரண்டு பக்க பீட்களையும் உள்ளிருந்து ரிம்மின் விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது இதே வளையம்தான். நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் முன்பக்க வலது சக்கரத்தில் மட்டும் வளையத்தை எடுத்துவிட்டு, வேறொன்றும் வைக்காமல் ரிம்மைப் பூட்டினேன். தார்ச்சாலையில் வெண்ணெய் மாதிரி ஓடியது. எனக்கு ஒரே பெருமை. அடுத்த மாதம் தென் டெக்சாஸில் ஒரு பண்ணைக்குப் போனபோது, வறண்ட ஓடை மணலுக்காக நாலு டயரிலும் காற்றை 12 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். ஓடைக்குள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பியதும் புஸ்ஸென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வெளிப்பக்க பீட் விளிம்பை விட்டு உள்ளே போய்விட்டது, ரிம்முக்குள் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. டயரில் ஒரு கீறல் கிடையாது. மற்ற மூன்று சக்கரமும் அதே காற்றில் அசையாமல் நின்றன. பண்ணைக்காரர் டிராக்டரோடு வர நாலு மணி நேரம் ஆனது. அதுவரை உட்கார நிழலாகக் கிடைத்தது ஒரு மெஸ்கீட் மரம், நம்மூர் சீமைக்கருவேலத்தின் உறவுக்காரன். அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஸ்டெப்னி இல்லாத என் புத்தியை நொந்துகொண்டேன்.

ஆகவே வளையத்தை எடுத்தால் அந்த இடத்தில் பீட்டைப் பிடிக்க ஏதாவது வரவேண்டும். இதற்கென்றே செய்த வளையம் விலைக்குக் கிடைக்கிறது. பலர் தடிமனான பிவிசி குழாயை அறுத்தும் போடுகிறார்கள். கையால் அறுப்பவர்கள் அகலத்தில் கவனம் வையுங்கள். குறைந்தால் பீட்டைப் பிடிக்காது, சும்மா கிடந்து உருளும். கூடினால் ரிம்மின் இரண்டு பாதியும் முழுதாகச் சேராது, நடுவில் காற்றை அடைக்கும் மெல்லிய ரப்பர் வளையமான ஓ-ரிங் அடைக்காமல் காற்று கசியும். இன்னொன்று, ரிம்மின் இரண்டு பாதியையும் சேர்க்கும் போல்ட் கணக்கில் நம் வண்டிகளில் 8 போல்ட், 12 போல்ட், 24 போல்ட் என்று மூன்று வகை ரிம்மும் இருக்கிறது. ஒன்றுக்கு எடுத்த அளவை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள்.

யார் கழற்றலாம் என்று கேட்டால் என் கணக்கு இதுதான். ஊர்வலத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை காபிக்கும் மட்டும் வண்டி எடுக்கும் ஐந்து பேர் தாராளமாக எடுக்கட்டும், மாற்று வளையமும் ஸ்டெப்னியும் இருந்தால். பண்ணைக்கும் வேட்டைக்கும் போகிற மூன்று பேர் வைத்துக்கொள்வது நல்லது. என் வண்டி அந்த மூன்றில் ஒன்று, அந்த வலது சக்கரத்திலும் பழைய வளையத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன். கவசத் தகடு போட்ட எம்1114 வைத்திருக்கும் அண்ணன் அதைத் தொடவே வேண்டாம். சாதாரண எம்998 காலியாக 2,400 கிலோவுக்குள் நிற்கும், அவருடையது 4,400 கிலோவைத் தாண்டும். அந்தக் கனத்தோடு ஓடும்போது முன்டயர் ஒன்று காற்றுப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வைத்துக்கொள்கிறவர்களும் அப்படியே விட்டுவிடக்கூடாது. வளையத்துக்கும் டயரின் உட்புறத்துக்கும் நடுவே வழவழப்புக்காகக் களிம்பு தடவியிருப்பார்கள். காற்றில்லாமல் ஓடும்போது உரசிச் சூடேறாமல் காப்பது அதுதான். கிடங்கிலேயே வருஷக்கணக்கில் நின்ற வண்டிகளில் அது காய்ந்து பொருக்காகியிருக்கும். திறந்து துடைத்து, புதிதாகத் தடவித்தான் பூட்டவேண்டும். டயர் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்கள், டயர் செய்த வாரமும் வருஷமும் தெரியும். இருபது வருஷ டயருக்குள் எந்த வளையம் இருந்து என்ன பயன்?

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும் விஷயம். ஹம்வி சக்கரத்தில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருக்கின்றன. உள்வட்டத்தில் உள்ள 8 நட்டுதான் சக்கரத்தை ஹப்போடு பிடிக்கிறது. வெளிவட்டத்தில் இருப்பவை ரிம்மின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கின்றன. காற்று இருக்கும்போது வெளிவட்டத்தில் ஸ்பேனர் வைத்தால் ரிம் பிரிந்து முகத்தில் அடிக்கும், உயிரே போகும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் துண்டு ரிம் உள்ளிட்ட ரிம் சக்கர வேலைக்கென்றே 1910.177 என்று தனிப் பிரிவு இருப்பது சும்மா இல்லை. டயர் கடைக்காரர்கள் கையை விரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு கையில் பிரியாணித் தட்டு, மறு கையில் நட்டு கழற்றும் இம்பாக்ட் கன், சுற்றிலும் பிள்ளைகள் என்று ஒரே நாளில் 36 சக்கரத்தைத் திறக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு வண்டி போதும். பிள்ளைகள் கொட்டகைப் பக்கம் வரவேண்டாம். கழற்றிய ரப்பரைக் குப்பையில் போடாதீர்கள், பண்ணை வண்டிக்காரர்கள் மாற்றுக்கு வைத்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன். நட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சும், வளையத்தை இறுக்கி மடக்கி உருவ நாலு ராட்செட் பெல்ட்டும், 12 போல்ட் ரிம்முக்குப் புது ஓ-ரிங்கும் கொண்டுவருகிறேன். மற்ற ரிம்காரர்கள் அவரவர் ஓ-ரிங்கை வாங்கி வாருங்கள். எந்த வண்டியைத் திறந்தாலும் அதன் நாலு சக்கரத்தின் வால்வு ஊசியும் காற்று இறங்கியதற்கு அடையாளமாக முதலில் என் கைக்கு வந்துவிடவேண்டும். அதுவரை யாரும் ஸ்பேனரைத் தொடவேண்டாம்.

அன்புடன்,
வலது முன்சக்கரத்தில் பாடம் படித்தவன்