பாபுவுக்கு, பி.பி. விஷயமாக

அன்புள்ள பாபுவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு டிக் நீலமாகும், அவ்வளவுதான். அதனால் காகிதத்தில் எழுதி கூரியரில் அனுப்புகிறேன். கவிதா கையில் கிடைத்தால் அவளும் படிக்கட்டும், ரகசியம் ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு வந்தபோது உனக்கு பி.பி. பார்த்தேன். 152-க்கு 98. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், பெரிதாக இறங்கவில்லை. உனக்கு 34 வயசு. "ஆபீஸ் டென்ஷன்மா, ரிலீஸ் முடிஞ்சா தானா சரியாயிடும்" என்றாய். அந்த ரிலீஸ் முடிந்து அடுத்த ரிலீஸும் வந்துவிட்டதாம், கவிதா சொன்னாள். இங்கே இருந்த நாளெல்லாம் நான் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாய், கூடத்தில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. சமையலறைக்குள் வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறந்து மூடிவிட்டுப் போகிறாய். அம்மாவாகப் பார்த்தாலும் சரி, நர்ஸாகப் பார்த்தாலும் சரி, எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

வேலை அதிகம் என்று நான் குறை சொல்ல வரவில்லை. நானும் வேலை பார்த்தவள்தான். கேஷுவாலிட்டியில் பஸ் விபத்துக் கேஸ்கள் மொத்தமாக வந்து இறங்கினால் எங்களுக்கும் நெஞ்சு படபடக்கும், கை ஜில்லென்று ஆகும், பசி தெரியாது. சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை அது. முதலில் அட்ரினலின் வந்து இதயத்தை விரட்டும், ரத்தத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும். பின்னாலேயே கார்டிசால் வந்து ஈரலிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும். சோறு ஜீரணிப்பது, புண்ணை ஆற்றுவது, பிள்ளை பெறுவதற்கான ஏற்பாடு எல்லாவற்றையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கிவைத்துவிடும். அந்த நேரத்துக்கு அது சரியான ஏற்பாடு. அந்த வேகம் இல்லையென்றால் எங்களால் ஓடியிருக்கவே முடியாது. ஆனால் கேஸ்கள் எல்லாம் வார்டுக்குப் போனதும் கேன்டீனில் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு உட்காருவோம். யாராவது எதையாவது சொல்லிச் சிரிப்போம். கொஞ்ச நேரத்தில் உடம்பு பழையபடி ஆகிவிடும்.

உன் உடம்பில் ஏறுவது இறங்குவதே இல்லை. எனக்கு இருக்கிற கவலை அது ஒன்றுதான்.

மாடித் தொட்டிக்கு நீ வாங்கிப் போட்ட ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இருக்கிறதே, தண்ணீர் நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்கும். கார்டிசாலுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. போதுமான அளவு சுரந்ததும் அதுவே மூளைக்குப் போய் "நிறுத்து" என்று சொல்லும். அந்தச் செய்தி போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ், ஞாபகத்துக்கான இடம். 1968-ல் அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்து புரூஸ் மெக்கீவன் எலி மூளையில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். மாசக்கணக்கில் கார்டிசால் அடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடமே நலிந்துபோகிறது. சென்சார் போய்விட்டால் தொட்டி வழிந்தாலும் மோட்டார் நிற்குமா?

நர்சிங் ஸ்கூலில் கடைசி சில வருஷம் டியூட்டராக இருந்தபோது இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம் இப்போது நீ இருக்கும் பெங்களூர்க்காரர்களுடையது. அங்கே ஜி.கே.வி.கே. என்கிற வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் என்.சி.பி.எஸ். என்று ஓர் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீ அந்தப் பக்கம் ஏர்போர்ட்டுக்குப் போயிருப்பாய். அங்கே சுமந்த்ரா சாட்டர்ஜியின் குழு எலிகளைத் தினமும் 2 மணி நேரம் அசையவிடாமல் வைத்துப் பார்த்தது, 10 நாள். ஹிப்போகாம்பஸில் நரம்புச் செல்களின் கிளைகள் குறுகிப்போயின. பயத்துக்கான இடமான அமிக்டலாவில் அதே கிளைகள் வளர்ந்து அடர்ந்துவிட்டன. 2002-ல் வெளியிட்டார்கள். அப்புறம் 21 நாள் எலிகளை நிம்மதியாக விட்டுவிட்டுப் பார்த்தால், ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது, அமிக்டலா அப்படியே இருந்தது. எலிக்கு நடந்தது உனக்கும் அச்சு அசலாக நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபிரிட்ஜைத் திறந்து மூடியவனும் குக்கர் விசிலுக்குத் திடுக்கிட்டவனும் ஒரே ஆள்தானே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

பயப்படாதே, இதையும் சொல்லிவிடுகிறேன். மனுஷர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரிய பரீட்சைக்கு மாய்ந்து மாய்ந்து படித்த மருத்துவ மாணவர்களை ஸ்கேனில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவதில் தடுமாறினார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை மற்ற பகுதிகளோடு சரியாகப் பேசவில்லை. பரீட்சை முடிந்து ஒரு மாசம் ஓய்வுக்குப் பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகியிருந்தது. 2009-ல் வந்த ஆய்வு. இளம் வயசு, அதனால் திரும்பிவிட்டது. நீயும் இளம் வயசுதான்.

எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அல்சர் என்றாலே "கவலையை விடுங்க, காரத்தைக் குறைங்க" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். அப்புறம் ஆஸ்திரேலியாவில் இரண்டு டாக்டர்கள், மார்ஷலும் வாரனும், பெரும்பாலான அல்சருக்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று காட்டி 2005-ல் நோபல் வாங்கினார்கள். அதனால் உன் பி.பி.க்கும் ஆபீஸ்தான் காரணம் என்று நீயே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதே. 34 வயசில் 152 என்றால் சிறுநீரகம், தைராய்டு எல்லாம் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் கவலை உடம்பில் இறங்கி வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சர்ஜரி வார்டில் டிரஸ்ஸிங் மாற்றும்போது சில பெண்களுக்குப் புண் ஆறவே ஆறாது. சர்க்கரை இருக்காது, சீழ் இருக்காது, மாத்திரையும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள். ஓரம் மட்டும் ஈரமாகவே இருக்கும். பேச்சுக் கொடுத்தால், வீட்டில் வாதம் வந்து படுத்த மாமியார் இருப்பார், அல்லது குடிகாரப் புருஷன். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த, பீடி சுற்றும் ஒரு அம்மா தையல் போட்ட கையோடு, கான்ட்ராக்டர் பீடிக் கட்டைக் கழித்துவிட்டால் வாரச் செலவுக்கு என்ன செய்வது என்றே புலம்பிக்கொண்டிருந்தார். அது என் பிரமையாக இருக்கலாம் என்று நினைத்ததும் உண்டு. 1995-ல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒஹையோவில், ஞாபகமறதி நோய் வந்த சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பேருக்கும் கையில் ஒரே அளவில், மூன்றரை மில்லிமீட்டர், சின்னக் காயம் செய்து பார்த்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்குக் காயம் ஆற 9 நாள் கூடுதலாக ஆனது. படித்ததும் அந்த பீடிக்கார அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

சளியும் அப்படித்தான். போன வருஷம் உனக்கு எத்தனை தடவை சளி பிடித்தது என்று கவிதாவைக் கேள். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 400 பேருக்கு மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள், 1991-ல் ஷெல்டன் கோஹன் வெளியிட்டார். மன அழுத்தம் ஏற ஏற, தொற்று பிடிப்பதும் ஏறியது.

உங்க அப்பாவைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது யூ.கே.ஜி. பாலாற்றைத் தோல் பதனிடும் டேனரிகள் கெடுத்த கேஸில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லாத டேனரிகளுக்குப் பூட்டு. தீர்ப்பில் எனக்கு மறுப்பே இல்லை, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் இருந்தோம். ஆனால் அப்பா வேலை பார்த்த இடமும் மூடியது. அவர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி எழுந்துபோய், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போவார். மறுபடி வேலை கிடைத்தது, கடனும் அடைந்தது, ஆனால் ராத்திரி எழுந்திருக்கும் பழக்கம் அவரை விடவில்லை. பி.பி., அப்புறம் சர்க்கரை, கடைசியில் 54 வயசில் அட்டாக். அவர் பீடியும் குடித்தார், எல்லாப் பழியையும் கவலைமேல் போட மாட்டேன். 52 நாடுகளில், நம் நாட்டையும் சேர்த்து, மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வந்தது. புகை, பி.பி., சர்க்கரை, கொழுப்போடு மன அழுத்தத்தையும் அதில் தனிக் காரணமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

உன் ராத்திரி போன் கால் விஷயத்துக்கு வருகிறேன். கார்டிசால் விடியற்காலையில் ஏறும், நடுராத்திரியில் தரைமட்டமாக இருக்கும். உடம்பு வைத்திருக்கும் கணக்கு அது. அந்த நேரத்தில் நீ அமெரிக்காக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது எப்படி இறங்கும்? இடுப்பில் சேரும் சதை பிரியாணியால் மட்டும் வந்ததில்லை. ஆம்பூர்க்காரர்களும்தான் பிரியாணி சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்று, கோபப்படாதே. பொங்கலன்று ராத்திரி 11 மணிக்கு உன் டீமில் ஒரு பையனைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினாய். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். லண்டனில் அரசு ஊழியர்களை வைத்து 1967-ல் ஓர் ஆய்வு ஆரம்பித்தார்கள், பின்னால் மைக்கேல் மார்மட் அதைத் தொடர்ந்து நடத்தினார். பெரிய அதிகாரிக்குத்தான் டென்ஷன், அவருக்குத்தான் அட்டாக் வரும் என்று நாம் நினைப்போம். அங்கே கீழ்மட்ட ஊழியர்கள்தான் அதிகம் செத்தார்கள். தன் வேலை தன் கையில் இல்லாதவனுக்குத்தான் நெஞ்சு அதிகம் அடிபடுகிறது. உன் மேலதிகாரி உனக்குச் செய்வதை நீ அந்தப் பையனுக்குச் செய்யாதே. ராத்திரி 9 மணிக்கு மேல் உன் டீமுக்குப் போன் கிடையாது என்று வைத்துப் பார். உன் மொபைலும் கொஞ்சம் வாயை மூடும்.

ராஜினாமா செய் என்று சொல்ல மாட்டேன், வீட்டு லோன் எனக்கும் தெரியும். யோகா செய், மொபைலில் ஏதோ மூச்சுப்பயிற்சி ஆப் போட்டுக்கொள் என்றும் சொல்ல மாட்டேன். நல்லதுதான், ஆனால் ராத்திரி 1 மணி வரை கால் பேசிவிட்டு 10 நிமிஷம் மூச்சு இழுத்தால் என்ன ஆகும்? முதலில் தூக்கம். சாயங்காலம் அரை மணி நேரம் நட, போன் வீட்டிலேயே இருக்கட்டும். மனசுக்குத் தாங்கவில்லை என்றால் மனநல டாக்டரைப் பார்க்கக் கூச்சப்படாதே. பாகாயம் என்று சொன்னாலே நம்ம ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், தெரியும். ஆனால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அங்கே 1957-லேயே மனநல மையம் ஆரம்பித்து, நோயாளியோடு வீட்டு ஆளையும் தங்கவைத்து வைத்தியம் பார்த்திருக்கிறது. பெங்களூரில் உனக்குப் பெரிய மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸே இருக்கிறது. கூட வரச் சொன்னால் நான் வருகிறேன்.

இந்த வாரமே ஒரு பி.பி. மிஷின் வாங்கு. மேல்கையில் கட்டுவதாக இருக்கட்டும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காலையிலும் ராத்திரியிலும் பார். பார்ப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் காபி கூடாது. அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் உட்கார். கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கட்டும். இரண்டு தடவை பார்த்து இரண்டையும் நோட்டில் எழுது. நல்ல நம்பரை மட்டும் எழுதும் வேலை வேண்டாம், எனக்குத் தெரிந்துவிடும். ஒரு வாரம் எழுதிய நோட்டோடு சனிக்கிழமை பிருந்தாவன் ரயிலில் ஏறு, காட்பாடியில் இறங்கினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். முள்ளுக் கத்தரிக்காய் இப்போது நன்றாக வருகிறது, உப்பைக் குறைத்துப் போட்டு வைக்கிறேன். திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று, லீவு சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
அம்மா