காதெலும்பு ஆபரேஷனுக்கு முன் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்த வரைபடம்), ஸ்கேன் இரண்டையும் பார்த்தேன். "டைட்டானியம் வைக்கலாமா, என் எலும்பையே செதுக்கி வைக்கலாமா, எதுப்பா நல்லது?" என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லும் முன்னால், உன் காதுக்குள் என்ன ஆகியிருக்கிறது என்று உனக்குத் தெளிவாகத் தெரியணும்.

ஆடியோகிராமை எடுத்து வைத்துக்கொள். வலது காதுக்குச் சிவப்பில் இரண்டு கோடு இருக்கும். வட்டம் போட்ட கோடு காற்று வழியாகக் கேட்பது. உனக்கு 55 டெசிபலில் கிடக்கிறது. இன்னொன்று காதுக்குப் பின்னால் எலும்பில் கருவியை வைத்து எடுத்தது. அது 10லேயே நிற்கிறது. அந்த 10ஐப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்தது. நரம்பும் உள்காதும் பழுதில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நடுவிலிருக்கும் 45 டெசிபல் இடைவெளிதான் ஆபரேஷனால் குறைக்கக்கூடியது. 512 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கை, அதாவது தட்டினால் அதிரும் இசைக்கவையை, நெற்றியில் வைத்தபோது கேட்காத வலது பக்கமே சத்தம் போனது என்றாயே, அதுவும் இதோடு ஒத்துப்போகிறது.

முன்பு காது ஜவ்வு ஒட்டிய ஆபரேஷன் நன்றாகத்தான் ஆறியிருக்கிறது. ஜவ்விலிருந்து சத்தத்தை உள்ளே கொண்டுபோகும் சங்கிலிதான் அறுந்திருக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பு. அங்கவடி நொய்யரிசி போல, 3 மில்லிமீட்டர்தான், எடையும் சுமார் 3 மில்லிகிராம். பட்டடையின் நீளக் காம்பு கீழே இறங்கி அதன் தலையில் உட்காரும். அந்தக் காம்பு நுனிக்கு ரத்த ஓட்டம் குறைவு. சின்ன வயசில் வருஷக்கணக்கில் சீழ் வடிந்த காதில் முதலில் அரிபடுவது அதுதான். உன் ஸ்கேனில் அந்த நுனி இல்லை. சுத்தியின் கைப்பிடியும் அங்கவடியின் வளைவும் முழுசாக இருக்கின்றன. அறுந்த சங்கிலியில் இதைவிட நல்ல நிலைமை அமைவது கஷ்டம்.

ஜவ்வில் ஓட்டை இருந்தபோது இதைவிடக் கொஞ்சம் நன்றாகக் கேட்டது என்று எழுதியிருந்தாய். அது உன் மனப்பிரமை இல்லை. ஓட்டை வழியாகச் சத்தம் நேராக உள்காதுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது முழு ஜவ்வு அதைத் தடுத்து நிறுத்துகிறது, கடத்துவதற்கு எலும்பும் இல்லை. ஜவ்வின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர், அங்கவடியின் பாதத்தட்டு 3க்குச் சற்று மேலே. 17 மடங்கு சுருங்கும் அந்தப் பரப்பில் அழுத்தம் ஏறுகிறது. நெம்புகோல் பலன் இன்னொரு 1.3 மடங்கு. இரண்டும் சேர்ந்து 22 மடங்கு வரை. சங்கிலி அறுந்தால் அத்தனையும் போய்விடும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். காம்பு கொஞ்சமாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் அரிபட்டிருந்தால் எலும்பு சிமெண்ட் வைத்துப் பாலம் போடலாம். இடம் ஈரமில்லாமல் இருக்கணும், எலும்பின் மேலிருக்கும் மெல்லிய தோலைச் சுரண்டி எடுத்திருக்கணும், இல்லாவிட்டால் சிமெண்ட் பிடிக்காது. ஒரு துளி பாதத்தட்டில் வழிந்தாலும் அங்கவடி இறுகிப்போகும். அரிப்பு அதற்கு மேல் என்றால் பட்டடையை வெளியே எடுத்துச் செதுக்கி, சுத்திக்கும் அங்கவடிக்கும் நடுவில் வைப்பது. என் முதல் விருப்பம் அதுதான்: உன் உடம்பின் எலும்பு, உடம்பு தள்ளாது, செலவும் இல்லை. எலும்பை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே வைர பர்ரால் (வைரத்தூள் பதித்த சுழலும் கடைமுனை) கடைவார்கள்; தண்ணீர் நின்றால் எலும்பு சூடேறிச் செத்துவிடும். ஒரு பக்கம் அங்கவடித் தலை உட்கார ஒரு சின்னக் குழி. தலையே ஒரு மில்லிமீட்டர் அகலம்தான், குழி அதைவிட நூலளவு பெரிசு. மறுபக்கம் சுத்தியின் கைப்பிடி பொருந்த ஒரு பள்ளம். குழி ஆழம் குறைந்தால் வழுக்கி விழும். அதிகமாகக் கடைந்தால் எலும்பு இரண்டாகப் பிளக்கும்.

பட்டடை கடைய முடியாத அளவு மெலிந்திருந்தாலோ, உள்ளே கொலஸ்டியடோமா என்கிற தோல்கட்டி தெரிந்தாலோ சொந்த எலும்பு வேண்டாம், கட்டியின் செல்கள் எலும்புக்குள் ஒளிந்திருக்கும். அப்போது டைட்டானியம். உனக்கு அங்கவடி முழுசாக இருப்பதால் பார்ஷியல் வகை, அதாவது அங்கவடித் தலையிலிருந்து ஜவ்வுவரை மட்டும் நிற்பது, போதும். அதன் தட்டுக்கும் ஜவ்வுக்கும் நடுவில், காது முன்மடலிலிருந்து எடுத்த குருத்தெலும்புத் துண்டை வைக்கிறார்களா என்று கேள். வைக்காவிட்டால் உலோகம் ஜவ்வை அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். காதைத் திறந்து பார்த்த பிறகுதான் எது பொருந்தும் என்று தெரியும். அதனால் ஒன்றை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதே. மூன்றுக்கும் சேர்த்துச் சம்மதம் கொடு.

பொருளைவிட முக்கியமானது நீளம். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அளவுக்குச்சிகள் இருக்கின்றன. குட்டையானால் ஜவ்வைத் தொடாமல் சரிந்துவிடும். நீளமானால் அங்கவடியைச் சுற்றியுள்ள தசைநார் விறைத்து அதிர்வு குறையும், ஜவ்வும் நாளடைவில் தேயும், தும்மலில் பாதத்தட்டு உள்ளே அமுங்கினால் நரம்பு பாதிக்கும். தொய்வும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல், சொந்த எடையில் நிற்கிற மாதிரி இருக்கணும். வைத்த பிறகு சுத்தியை லேசாக அசைத்து, உள்காதின் இன்னொரு வாசலான வட்டச் சாளரத்துக் குழியில் ஒளி பளிச்சென்று நடுங்குகிறதா என்று பார்ப்பார்கள். நடுங்கினால் சங்கிலி முழுவதும் ஓடுகிறது.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று பயப்படாதே. மரத்துப்போக லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்த ஊசி, இல்லாவிட்டால் முழு மயக்கம். காதுக் குழாயிலேயே தோலைக் கீறி, ஜவ்வோடு சேர்த்துப் புத்தகத் தாள் போல முன்னால் புரட்டுவார்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். சுவை நரம்பு குறுக்கே ஓடும். அது இழுபட்டால் நாக்கின் வலது ஓரத்தில் சில மாதம் இரும்பு ருசி இருக்கும், பெரும்பாலும் தானே சரியாகும். ஊசி மருந்து முகநரம்பில் பட்டு வாய் கோணினால் சில மணி நேரத்தில் தெளியணும், தெளியாவிட்டால் உடனே சொல்.

இனிமேல்தான் உன் வேலை. எவ்வளவு நன்றாக வைத்தாலும் நடுக்காதில் காற்று வராவிட்டால் ஜவ்வு உள்ளே இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சாய்த்துவிடும். உன் டிம்பனோகிராமில் (நடுக்காது அழுத்தம் பார்க்கும் சோதனை) உச்சி பூஜ்ஜியத்தில் இருக்கிறது, காற்று வருகிறது. ஆனால் உனக்குத் தூசி அலர்ஜி. ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே மூக்கு ஸ்ப்ரேயை ஒரு நாள்கூட விடாதே. சளியோ காதில் ஈரமோ இருந்தால் தேதியைத் தள்ளிப்போடு, கூச்சப்படாதே.

முடிந்த பிறகு 4 வாரம் மூக்கைச் சிந்தாதே. தும்மல் வந்தால் அடக்காதே, வாயைத் திறந்து தும்மு. கனமான குடம், லக்கேஜ் தூக்காதே. தலைக்கு ஊற்ற அவசரம் வேண்டாம். 6 வாரத்துக்கு, டாக்டர் சரி என்று சொல்லும்வரை, வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு கழுத்துக்குக் கீழே குளி. பாட்டி சொல்கிறாள் என்று எண்ணெய் காய்ச்சி விட்டுவிடாதே. 2வது வாரமே ஃபிளைட்டில் வருகிறேன் என்கிறாய், கட்டாயம் வேண்டாம். இறங்கும்போது அழுத்தம் மாறும்; இன்னும் சரியாகப் பிடிக்காத எலும்பு நகர்ந்துவிடலாம். அம்மா ரயிலில் அங்கே வருவாள்.

ஆபரேஷன் முடிவில் காதுக்குள் வைக்கும் கரையும் பஞ்சு உள்ளே இருக்கும்வரை காது அடைத்த மாதிரித்தான் இருக்கும். அதை வைத்து ஆபரேஷன் தோற்றது என்று முடிவு கட்டாதே. முதல் நம்பகமான ஆடியோகிராம் 2, 3 மாதத்துக்குப் பிறகுதான். இடைவெளி 20 டெசிபலுக்குள் வந்துவிட்டால் வெற்றி என்பதுதான் கணக்கு, பூஜ்ஜியத்தை எதிர்பார்க்காதே. ஆனால் தலை கிறுகிறுத்து நிற்க முடியாமல் போனாலோ, திடீரென்று கேட்பது இறங்கினாலோ, முகம் கோணினாலோ, நாற்றச் சீழ் வந்தாலோ காலைவரை காத்திராமல் அன்று ராத்திரியே போ.

டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன வைத்தார்கள், எத்தனை மில்லிமீட்டர், கம்பெனி, லாட் நம்பர் எல்லாம் எழுதி வாங்கு. பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ எடுக்க நேர்ந்தால் அந்தத் தாளைக் காட்டணும். சொந்த எலும்பு என்றால் எந்த இடத்தைக் கடைந்தார்கள் என்று ஒரு சின்னப் படம் போட்டுத் தரச்சொல். வாங்கியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அப்பா